நரைக்காத கரி

பகீத் தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து, முஸ்னாவின் வீட்டில் தீப்பிடிக்காத பொருள் என்று ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. திரைச்சீலை தீப்பிடிக்கும், கம்பளம் தீப்பிடிக்கும், மெத்தை, முக்காடு, அவளுடைய பின்னல், எல்லாமே தீப்பிடிக்கும். முப்பது வருடம் சலாலா ஊர் முழுக்கப் பற்றியதை அணைத்த மனுஷன், இப்போது அணைக்க வேறெதுவும் கிடைக்காமல் பெண்டாட்டியின் தூபக்காலைப் பிடித்துக்கொண்டார்.

தூபக்கால் இல்லாமல் முஸ்னாவுக்குப் பொழுது விடியாது. காலையில் வாசலுக்கு ஒரு புகை, மீன் பொரித்தால் அடுப்படிக்கு ஒரு புகை, குளித்து வந்தால் ஈரத் தலைமுடிக்கு ஒரு புகை. சாரல் மாதங்களில் துணி காயவே காயாது. மரக்கூட்டின் மேல் துணியை விரித்து அடியில் லுபான் என்கிற சாம்பிராணிப் பிசினைப் புகைய வைத்தால்தான் நமுத்த வாடை போகும். கொசுவுக்கும் அதுதான், கண்ணேறுக்கும் அதுதான். வயிறு சரியில்லை என்றால் பச்சை ஓடிய நல்ல பிசினாகப் பொறுக்கி இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, பால்போலத் திரண்ட தண்ணீரைக் காலையில் குடிக்கக் கொடுப்பாள். அவளுடைய அம்மாவும் இப்படித்தான் செய்தாள். யாருடைய வீடும் எரிந்துபோகவில்லை.

இதை பகீத்திடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

"உங்க அம்மா வீட்ல திரைச்சீலை இருந்துச்சா?" என்று கேட்பார். "கம்பளம் இருந்துச்சா? மண் தரை. மண்ணு எரியாது, முஸ்னா."

தூபக்காலுக்கு அடியில் அவர் ஒரு பித்தளைத் தட்டு வைத்தார். தட்டில் மணல். தூபக்கால் ஜன்னலிலிருந்து மூன்று முழம் தள்ளி இருக்க வேண்டும். ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே வருகிறதே என்றால், நனைந்தால் காயும், மூச்சு முட்டினால் திரும்பாது என்பார். கரியை வீட்டுக்குள் பற்ற வைக்கக் கூடாது. அங்கிக்கு அடியில் தூபக்காலை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. புகைகிற தூபக்காலை விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குக்கூடப் போகக் கூடாது. புகை முடிந்ததும் கரியை மணலுக்குள் புதைத்து, பிறகு தண்ணீர் ஊற்றி, பிறகு கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுப்படியிலும் வரவேற்பறை வாசலிலும் இரண்டு சிவப்பு வாளிகள் எப்போதும் தண்ணீரோடு நின்றன. விருந்தாளிகள் அதில் கைகழுவினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது கரி. கரி நரைக்கணும் என்பார் பகீத். கறுப்பு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது, சுற்றிலும் வெள்ளைச் சாம்பல் பூத்திருக்க வேண்டும், அப்போதுதான் பிசின் போடலாம். கறுப்பு மிச்சமிருந்தால் கரி வெடிக்கும், பொறி தெறிக்கும், புகை காட்டமாக வரும். இருபது நிமிடம். முற்றத்தில் இடுக்கியைக் கையில் பிடித்தபடி, முட்டை பொரியக் காத்திருக்கும் கோழி மாதிரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பண்டிகை நாளில் தொழுகைக்கே நேரமாகிவிட்டது, கரி நரைக்கவில்லை என்று மணமில்லாத அங்கியோடு மொத்தக் குடும்பமும் போக வேண்டியிருந்தது. முஸ்னா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

"கரிக்கு நரைக்குதோ இல்லையோ, எனக்கு நரைச்சிடுச்சு" என்று அன்றைக்குக் கத்தினாள்.

"நரைச்சாத்தான் நல்லது. பொறி பறக்காது" என்றார் அவர்.

இந்த மனுஷனை வைத்துக்கொண்டுதான் அவள் இன்றைக்கு ஸுவைனாவை எதிர்கொள்ள வேண்டும்.

ஸுவைனா தன் மகன் மஹாதுக்காக முஸ்னாவின் மகள் ரய்யாவைப் பெண் கேட்க வருகிறாள். நான்கு மாதமாகக் கல்யாண வீடுகளிலும் துக்க வீடுகளிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் பேசி, முஸ்னா பக்குவமாகக் கொண்டுவந்து சேர்த்த காரியம் இது. மஹாதுக்குத் துறைமுகத்தில் வேலை, சொந்தமாக ஏழு அறை வீடு, சிகரெட் கிடையாது. ரய்யாவுக்கு இருபத்தெட்டு முடியப் போகிறது. இன்றைக்கு ஸுவைனா வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், மற்றதை ஆண்கள் பேசிக்கொள்வார்கள்.

ரய்யா ஒட்டக வைத்தியர். சாரல் மாதங்களில் மலையில் சேறும் ஈயும் தாங்காமல் ஒட்டகங்களையெல்லாம் சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள். அப்போது அவளுக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. முழங்கை வரைக்கும் என்னென்னவோ பூசிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒட்டகத்தின் பின்பக்கத்தில் கைவிடுகிற வேலையெல்லாம் எதற்கு என்று ஸுவைனா ஏற்கெனவே சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். முஸ்னாவும் சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் ரய்யா முரண்டு பிடித்தாள். முதல் தடவை, வேலையிலிருந்து வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே, "உம்மா, எனக்கு மஹாத் வேண்டாம்" என்றாள். முஸ்னாவுக்கு ஒட்டக நாற்றத்தில் காது கேட்கவில்லை. முதல்ல குளி என்று விரட்டி, தலைமுடியைப் பிரித்துப்போட்டு அரைமணி நேரம் புகை காட்டினாள். இரண்டாம் தடவை வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் சொன்னாள். எவள் கண்ணோ பட்டிருக்கிறது என்று முஸ்னாவுக்குப் புரிந்துவிட்டது. படிகாரமும் லுபானும் சேர்த்து ஏழு முறை தலையைச் சுற்றிக் கரியில் போட்டாள். மூன்றாம் தடவை, இரண்டு நாளைக்கு முன்னால், ரய்யா அழுதாள். அழுகைக்குக் காரணம் வயிற்றுச் சூடு. மறுநாள் காலையில் ஊறவைத்த தண்ணீரை ஒரு கோப்பை நிறையக் கொடுத்தாள் முஸ்னா. ரய்யா கோப்பையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மருந்து கேட்டது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் விருந்தாளிகள் வருவார்கள். அதற்கு முன்னால் முஸ்னா பகீத்தை முற்றத்தில் பிடித்தாள்.

"இந்தாங்க, காதை நல்லாத் திறந்து வச்சுக் கேளுங்க. தூபக்கால் நான் கேட்டாத்தான் உள்ள வரணும். அதுக்கு முன்னாடி மூக்கைக்கூட நீட்டக் கூடாது."

"கரி நரைக்க இருபது நிமிஷம்."

"தெரியும்."

"அப்ப நீ பேச்சு முடியறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி சொல்லணும்."

"பேச்சு எப்ப முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரியா?"

"மூணு பொம்பளைங்க வர்றாங்க. சுமாரா ரெண்டு மணி நேரம் ஆகும்."

"பகீத்!"

"சரி, சரி. நீ கூப்பிட்டா வரும்" என்றார் அவர். வழக்கமாக இவ்வளவு சீக்கிரம் அவர் இறங்கி வருகிறவர் இல்லை. ஆனால் முஸ்னாவுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அடுப்பில் காபி பொங்கிக்கொண்டிருந்தது.

எத்தனை நெருக்கமான வீடாக இருந்தாலும் காபி வந்தால் உட்கார், தூபம் வந்தால் புறப்படு. அதைச் சின்னக் குழந்தைகூட அறியும். விருந்தாளி முக்காட்டில் புகையை வாங்கிக்கொண்டபின் ஒரு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் அவள் நாகரிகம் தெரியாதவள். விருந்தாளி எழ விரும்பாதபோது தூபத்தைக் கொண்டுவந்தால், அந்த வீட்டுக்காரி அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதற்குச் சமம்.

ஸுவைனா தன் இரண்டு நாத்தனார்களோடு வந்தாள். மூன்று பேரும் வால் நீண்ட வெல்வெட் உடையில், சாரலில் நனைந்த ஓரங்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். வாசலில் நின்ற சிவப்பு வாளியை நாத்தனார்களில் ஒருத்தி சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பேரீச்சம்பழம், அல்வா, இளநீர், காபி. மழையைப் பற்றிப் பேசினார்கள். மலைக்குக் கூட்டம் கூட்டமாக வந்து குப்பை போட்டுவிட்டுப் போகிற வெளியூர்க்காரர்களைத் திட்டினார்கள். யாருக்கு முழங்கால் வலி, யாருக்குச் சர்க்கரை என்று எல்லாம் சுற்றி வந்தது. முஸ்னா கோப்பைகளை எண்ணிக்கொண்டே ஊற்றினாள். மூன்றாவது கோப்பையைக் குடித்து முடித்து, போதும் என்று அதை லேசாக ஆட்டிவிட்டு, ஸுவைனா நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

"முஸ்னா, நாங்க சும்மா வரலை. ஒரு காரியமா வந்திருக்கோம்."

"சொல்லுங்க, உம்மு மஹாத்" என்று மஹாதின் தாயாக மரியாதையோடு அழைத்தாள் முஸ்னா. "இது உங்க வீடு."

"உன் பொண்ணை நாங்க சின்னதுலேருந்து..."

கதவு திறந்தது. ரய்யா தூபக்காலோடு நின்றாள். மணல் தட்டு அடியில், புகை மேலே. பச்சைப் பட்டு முக்காடு, குனிந்த தலை, நிதானமான நடை. நேராக வந்து ஸுவைனாவின் முன்னால் மண்டியிட்டுத் தூபக்காலை நீட்டினாள்.

ஸுவைனாவின் வாயில் அந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. தூபக்காலுக்குள் 'டப்' என்று ஏதோ வெடித்தது. நாத்தனார்களில் இளையவள் இருமினாள்.

"ரய்யா!" முஸ்னாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "யாரு உன்னைக் கூப்பிட்டா?"

"பாபாதான் கொடுத்தாரு, உம்மா. கரி நரைச்சிடுச்சாம். இப்பவே கொண்டு போன்னாரு."

"எடுத்துட்டுப் போ! உம்மு மஹாத், நீங்க உக்காருங்க, இதைக் கண்டுக்காதீங்க. அவருக்குக் கரி, தீ, மணல் தவிர வேற நினைப்பே கிடையாது, மூளை கலங்கிப் போச்சு."

ஆனால் ஸுவைனா முறை தெரிந்தவள். முக்காட்டின் ஓரத்தைத் தூக்கிப் புகையை வாங்கினாள், இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை. காட்டமான புகையில் கண்ணில் தண்ணீர் வந்தது. நாத்தனார்களும் வாங்கினார்கள். மூவரும் எழுந்தார்கள்.

"மணம் வாங்கின பிறகு உக்கார முடியுமா, முஸ்னா?" என்றாள் ஸுவைனா. முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. "உன் வீட்டு மணம் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் அவசரமான மணம்."

"சத்தியமா அவர் வேணும்னு செய்யலை. நாளைக்கு வாங்க. நானே வந்து கூட்டிட்டு வரேன்."

"உன் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா? என் தங்கச்சி மகன் கல்யாணத்துல பந்தல்ல வாளியோட நின்னவர்தானே. அவர் மேல கோவமில்லை. ஆனா பாரு, சொல்ல வந்தது வாயோட நின்னுடுச்சு. ஏதோ நல்லதுக்குத்தான் நின்னுச்சுன்னு எடுத்துக்கறேன். ஹாஃபா பக்கம் இன்னொரு பொண்ணு வீடும் எங்களுக்குச் சொல்லி வச்சிருக்காங்க." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முஸ்னாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். "காபி பிரமாதம்."

வண்டி திரும்பித் தெருமுனையில் மறையும்வரை முஸ்னா கையசைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். பிறகு கத்த ஆரம்பித்தாள்.

முற்றத்தில் பகீத் சுவரோரமாக நின்றிருந்தார். நனைந்த செருப்பு, கையெல்லாம் கரி. நான்கு மாதம் என்று ஆரம்பித்தாள் முஸ்னா. நான்கு மாதம் அவள் சிரித்த சிரிப்பு, தின்ற அல்வா, பாராட்டிய பேரக்குழந்தைகள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பண்டிகைத் தொழுகைக்கு மணமில்லாமல் போனதைச் சொன்னாள். வாளியைச் சொன்னாள்.

"நீங்களும் உங்க மணலும்! ஊரெல்லாம் நெருப்பை அணைச்சீங்க, என் வீட்ல என் பொண்ணு வாழ்க்கையை அணைச்சிட்டீங்க. ஒரு கரி வீணாப் போனா என்ன? ஒரு கரி! இன்னொண்ணு பத்த வைக்கக் கூடாதா?"

"நரைச்சிடுச்சு, வீணாப் போகுமேன்னு பாத்தேன்" என்றார் பகீத் மெதுவாக.

"உங்களைக் கட்டினதுக்கு நான் ஒரு வாளியைக் கட்டியிருக்கலாம். அது பேசாமலாவது நின்னிருக்கும்."

ஒரு வார்த்தை பதில் சொன்னாலாவது அவளுக்கு ஆறியிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு திட்டை வாங்கிக்கொண்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ரய்யா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

தொண்டை கட்டிப்போய் முஸ்னா வரவேற்பறைக்குத் திரும்பினாள். கோப்பைகளை அடுக்கினாள். தூபக்கால் ஸுவைனா உட்கார்ந்திருந்த இடத்திலேயே இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கம்பளத்தில் மிளகு அளவுக்கு ஒரு புதிய ஓட்டை, சுற்றிலும் கருகல். பொறி தெறித்திருக்கிறது. அப்போதுதான் அந்த 'டப்' சத்தமும் இருமலும் நினைவுக்கு வந்தன.

தட்டில் கிடந்த இடுக்கியை எடுத்துக் கரியைப் புரட்டினாள். ஒரு பக்கம் சிவப்பு. மறுபக்கம் மையாகக் கறுப்பு.

முஸ்னா இடுக்கியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இது எங்கே நரைத்தது? இது பற்ற வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகாத கரி. பண்டிகைக்குக்கூடக் கறுப்புக் கரியை வீட்டுக்குள் விடாத மனுஷன், விருந்தாளிகளின் வெல்வெட்டுக்கு நடுவே, சொந்த மகளின் கையில், இதைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். வாசலைப் பார்த்தாள். அங்கே எப்போதும் ஒரு வாளிதான் நிற்கும். இப்போது இரண்டு நின்றன. அடுப்படி வாளியும் வந்திருந்தது. வாளிகளின் பக்கத்தில் தரையில் ஈரமான இரண்டு பாதத்தடம், பகீத்தினுடையது. பொறி பறந்தால் பாய்வதற்குத் தயாராகக் கதவுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறார்.

"பகீத்! இங்க வாங்க."

வந்தார். கரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கம்பளத்து ஓட்டையைக் குனிந்து பார்த்தார்.

"யாருக்கும் படலையே?" என்றார்.

"எத்தனை நிமிஷம் இது?"

"நாலு. பேச்சு ரெண்டு மணி நேரம் ஓடும்னு நினைச்சுட்டேன், அதுக்குள்ள அந்தம்மா தொண்டையைச் செருமற சத்தம் கேட்டுச்சு. அதுக்கு மேல காத்திருக்க முடியலை."

"ஏன்?"

பகீத் இடுக்கியை அவள் கையிலிருந்து வாங்கினார். கரியை எடுத்து மணலுக்குள் புதைத்தார். பழக்கம் போகுமா?

"ரய்யா உன்கிட்ட மூணு தடவை சொன்னாளாம். நாலாவது தடவை என்கிட்ட வந்து சொன்னா."

"என்கிட்ட எங்க சொன்னா? அழுதா, அவ்வளவுதான்" என்று ஆரம்பித்த முஸ்னா பாதியில் நிறுத்தினாள்.

"அந்தம்மா கேட்டப்புறம் நாம இல்லைன்னா, அது அந்தம்மாவுக்கு அவமானம். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஒரு கல்யாணத்துல ஒண்ணா உக்கார முடியாது. கேக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா அவமானம் எனக்கு மட்டும்தான். எனக்குத்தான் ஏற்கெனவே கிறுக்கன்னு பேர் இருக்கே." மணலைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு கிறுக்குத்தனம் கூடுதலா இருந்தா யாரும் கணக்கு வைக்க மாட்டாங்க."

முஸ்னாவுக்குக் கோபம் போகவில்லை. அப்பனும் மகளும் கூட்டுச் சேர்ந்து, அவள் வீட்டிலேயே அவளை மட்டும் முட்டாளாக்கிவிட்டார்கள். கோபத்தோடு சேர்ந்து வெட்கமும் வந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. மகள் வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் முகத்தில் புகையை அடித்தவள் யார்? ஒரு விருந்தாளிக்கு மூன்று கோப்பை முடியும்வரை பொறுத்தவள், பெற்ற பெண்ணுக்கு ஒரு வார்த்தை முடியும்வரை பொறுக்கவில்லை.

"என்கிட்ட நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எனக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்கக் கொடுத்திருப்பே" என்றார் பகீத்.

அவள் அவரை முறைத்தாள். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய், கரிப் பையிலிருந்து புதிதாக ஒரு துண்டை எடுத்துத் தானே பற்ற வைத்தாள். சாரல் படாமல் ஓலைக் கூரையின் கீழே உட்கார்ந்தாள். பகீத் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தெரியும். இருபது நிமிஷம். உள்ள போங்க."

அவர் போனபின், "ரய்யா" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ரய்யா பட்டு முக்காட்டை அவிழ்த்துவிட்டு, வேலைக்குப் போட்டுப்போகும் பழைய சட்டையில் வந்து கதவோரமாக நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அங்க ஏன் நிக்கற? வந்து உக்காரு."

"புகை காட்டப் போறியா, உம்மா?"

முஸ்னா குனிந்து கரியை ஊதினாள். "கரி இன்னும் நரைக்கலை" என்றாள். "அது நரைக்கற வரைக்கும் பேசு. நடுவுல நான் பேசினா அந்த வாளித் தண்ணியை என் தலையில ஊத்து."

ரய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் தடுமாறித் தடுமாறித்தான் பேசினாள். மஹாதைப் பற்றி இரண்டே வாக்கியம். நல்லவன்தான், ஆனால் அவனோடு பேச அவளுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வேலையைப் பற்றிச் சொன்னாள். போன வாரம் கன்று திரும்பிக் கிடந்த ஒட்டகத்தைப் பற்றி, விடியும்வரை சேற்றில் மண்டியிட்டு அந்தக் கன்றை உயிரோடு வெளியே எடுத்ததைப் பற்றி, அது நடுங்கிக்கொண்டு எழுந்து நின்றபோது ஒட்டகக்காரக் கிழவர் அழுததைப் பற்றி. இதையெல்லாம் அன்றைக்கே சொல்லத்தான் அவள் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முஸ்னா அவளை வாசலிலேயே நிறுத்திக் குளிக்க விரட்டினாள்.

முஸ்னா குறுக்கே பேசவில்லை. பேச வாய் துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். கரியின் ஓரத்தில் சாம்பல் பூத்தது, மெல்ல மேலேறியது, கடைசியில் கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லாமல் வெளுத்துவிட்டது. பிசின் போட வேண்டிய நேரம். அவளுடைய உள்ளங்கையில் பச்சை ஓடிய இரண்டு நல்ல துண்டுகள் தயாராக இருந்தன.

ரய்யா கரியைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு" என்றாள் முஸ்னா. "அப்புறம் அந்தக் கன்னுக்குட்டி பால் குடிச்சுதா இல்லையா?"

ரய்யா மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். கரி உதிர்ந்து வெறும் சாம்பலாகும்வரை அந்தப் பிசின் முஸ்னாவின் கையிலேயே இருந்தது.